போர்முனை வைத்தியத்திற் பிராணவாயு

உணவின்றி மனிதன் பல நாட்கள் உயிர்வாழலாம். நீரின்றிச் சில நாட்கள் வாழலாம். மூச்சின்றியோ சில நிமிடங்களுக்குமேல் வாழ்தல் அரிது. இதனை யாவரும் அறிவர். ஆனால், மூச்சு என்று நாம் ஒரே சொல்லாற் குறிப்பிடும் செயலில் இரு வேறு தொழில்கள் அடங்கியிருக்கின்றன என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கொல்லன் உலைத் துருத்தியைப் போல நெஞ்சு விரிந்து சுருங்கிக் காற்றை உள்ளிழுத்து வெளிவிடுதல் முதலாவது தொழில். அவ்வாறு வந்த காற்றிலிருந்து பிராணவாயுவை இரத்தம் ஏற்றுக்கொள்ளுதல் இரண்டாவது தொழில்.

குண்டுபட்டு விழுந்த போர்வீரன் ஒருவனுக்கு இவ்விரண்டில் எதுவும் பழுதுறலாம். மண்டையிற் காயம்பட்டு நினைவிழந்தவனுக்குத் துருத்தி நின்றுவிடலாம். சத்திரசிகிச்சைக்காக மயக்கமருந்தும் தசைகளைத் தளர்த்தும் மருந்தும் கொடுக்கப்பட்டவனுக்கும் அவ்வாறே. இவர்களுக்குத் துருத்தியின் வேலையை யந்திரமோ மற்றொரு மனிதனின் கையோ செய்தல் வேண்டும். நுரையீரல் நசுங்கியவனுக்கும் வெடிப்பின் அதிர்ச்சியால் நுரையீரலில் இரத்தம் கசிந்தவனுக்கும் காற்றில் இயல்பாக உள்ள பிராணவாயு போதாது. அதனை மேலதிகமாகச் சேர்த்துக் கொடுத்தல் வேண்டும்.

பெருநகர வைத்தியசாலையில் இவ்விரு தேவைகளும் சுவரிலிருந்து வரும் குழாயினாலேயே தீர்ந்துவிடுகின்றன. தாதி திருகைத் திறந்தால் வாயு வருகின்றது. அது எங்கிருந்து வருகின்றது, எவ்வளவு மிஞ்சியிருக்கின்றது என்று அவர் எண்ணவேண்டியதில்லை. போர்முனைக்கு அண்மையில், கூடாரத்திலோ கைவிடப்பட்ட கட்டிடத்திலோ நடக்கும் வைத்தியசாலையின் நிலை வேறு. அங்கே குழாயும் இல்லை; பாதையும் நிச்சயமில்லை; மின்சாரமும் நம்பத்தக்கதன்று. அத்தகைய இடத்திலே செயற்கைச் சுவாசத்தில் இருக்கும் நோயாளிக்குப் பிராணவாயுவை எவ்வாறு கொடுக்கின்றார்கள் என்பதே இன்று நாம் ஆராயும் பொருள்.

முதலில் உடலின் வரவு செலவுக் கணக்கைப் பார்ப்போம். நம்மைச் சூழ்ந்துள்ள காற்றிலே 100 பங்கில் ஏறக்குறைய 21 பங்கு பிராணவாயு. 78 பங்கு நைதரசன். எஞ்சியது ஆகன் முதலிய வாயுக்கள். ஓய்வாகப் படுத்திருக்கும் வளர்ந்த மனிதன் ஒரு மூச்சில் ஏறக்குறைய அரை இலீற்றர் காற்றை உட்கொள்கின்றான். நிமிடமொன்றுக்கு 16 தடவை மூச்சுவிட்டால், 8 இலீற்றர் காற்று அவன் நெஞ்சினுட் சென்று வருகின்றது. இவ்வளவு காற்றிலிருந்து அவன் உடல் எடுத்துக்கொள்ளும் பிராணவாயு நிமிடத்துக்கு ஏறக்குறைய 250 மில்லிலீற்றர் மாத்திரமே. நாம் வெளிவிடும் மூச்சிலும் 100க்கு 16 பங்கு பிராணவாயு மிஞ்சியிருக்கின்றது.

இனி, அந்த 8 இலீற்றரும் தூய பிராணவாயுவாகவே கொடுக்கப்படுகின்றதென்று வைத்துக்கொள்வோம். 8,000 மில்லிலீற்றரில் உடல் பயன்படுத்துவது 250. அதாவது 32 பங்கில் ஒரு பங்கு உடலுக்கு. எஞ்சிய 31 பங்கு கூடாரத்தின் காற்றோடு கலந்து வீணாகின்றது.

இந்த வீண்செலவின் பாரம், வாயு அடைக்கப்பட்டு வரும் எஃகு உருளையைப் பார்த்தாற் புலனாகும். வைத்தியசாலைகளிற் கையாளப்படும் நடுத்தர உருளை ஒன்றிலே, வளிமண்டலத்தின் அமுக்கத்தைப்போல ஏறக்குறைய 137 மடங்கு அமுக்கத்தில், 680 இலீற்றர் பிராணவாயு அடங்கும். அந்த வாயுவின் நிறை ஒரு கிலோகிராமுக்கும் குறைவு. அதனை அடக்கிவைக்கும் எஃகின் நிறையோ பல கிலோகிராம். போர்முனைக்கு வாயுவை அனுப்புகின்றோம் என்று சொல்லிக்கொண்டு உண்மையில் எஃகையே சுமக்கின்றோம். வெற்றுருளைகளைத் திரும்பக் கொண்டுசென்று நிரப்பிவரவும் வேண்டும். நிமிடத்துக்கு 8 இலீற்றர் வீதம் திறந்துவிட்டால் இந்த உருளை 85 நிமிடங்களில் வெறுமையாகிவிடும். ஒரு நோயாளியை ஒரு பகலும் ஓர் இரவும் காப்பதற்கு 17 உருளைகள் வேண்டும். நான்கு நோயாளிகள் இருந்தால் 68. சட்டியில் இருந்தாலன்றோ அகப்பையில் வரும்? இவ்வளவு உருளைகளை எந்த வண்டி எந்தப் பாதையாற் கொண்டுவந்து சேர்க்கும்?

இந்தச் சிக்கல் இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1915ஆம் ஆண்டு ஏப்ரில் 22ஆந் தேதி, பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு அண்மையில், ஜேர்மானியப் படைகள் குளோரீன் வாயுவைப் பெருமளவில் ஏவின. நுரையீரல் நீர்கோத்து நீலம்பாரித்த போர்வீரர்களுக்குப் பிராணவாயு கொடுப்பது எவ்வாறு என்ற கேள்வி வைத்தியர்களை எதிர்நோக்கியது. அக்காலத்திலே நோயாளியின் முகத்துக்கு அண்மையில் ஒரு புனலைப் பிடித்து வாயுவைத் திறந்துவிடுவதே பல இடங்களிலும் வழக்கமாயிருந்தது. அவ்வாறு விட்ட வாயுவிற் பெரும்பகுதி காற்றோடு போயிற்று. பிரித்தானிய உடற்றொழிலியல் அறிஞரான ஜே. எஸ். ஹோல்டேன் என்பார், முகமூடியோடு ஒரு சிறு பையை இணைத்து, நோயாளி மூச்சை வெளிவிடும் நேரத்தில் வரும் வாயு அந்தப் பையிலே தங்கியிருந்து அடுத்த மூச்சோடு உட்செல்லுமாறு ஒரு கருவியை அமைத்து, 1917ஆம் ஆண்டு அதனை விளக்கி எழுதினார். வருகின்ற வாயு ஒரு கணமும் வீண்போகாதபடி தேக்கிவைத்தல் என்ற அந்த எண்ணமே இத்துறையின் முதற்பாடமாகும்.

இரண்டாவது பாடம் போர்க்களத்தில் அன்றிக் கொள்ளைநோய் பரவிய ஒரு நகரத்திற் கற்கப்பட்டது. 1952ஆம் ஆண்டு டென்மார்க்கின் தலைநகரான கோப்பன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் கடுமையாகப் பரவியது. நெஞ்சுத் தசைகள் செயலிழந்த நோயாளர்கள் நாள்தோறும் பிளெக்டம் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டனர். அங்கே உடல் முழுவதையும் உள்ளடக்கும் இரும்புச் சுவாசப் பெட்டி ஒன்றும், நெஞ்சின்மேற் பூட்டும் சிறு கருவிகள் ஆறுமே இருந்தன. மயக்கமருந்து வைத்தியரான பியோன் இப்சன், நோயாளியின் மூச்சுக்குழலைத் திறந்து குழாயிட்டு, ஒரு பையைக் கையால் அமுக்கி நுரையீரலுக்குள் வாயுவைச் செலுத்தும் முறையைக் காட்டினார். ஏறக்குறைய 1,500 மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் அந்தப் பைகளை அமுக்கினர். பத்துப் பேரில் எட்டொன்பது பேர் இறந்துகொண்டிருந்த நிலை மாறி, பெரும்பாலோர் பிழைத்தனர். துருத்தியின் வேலையை மனிதனின் கை செய்யும் என்பது ஐயமற நிறுவப்பட்டது.

ஆயினும், அந்தப் பைகள் உருளையிலிருந்து வரும் வாயுவினாலேயே நிரம்பின. உச்சநிலையில் ஏறக்குறைய 70 நோயாளர்கள் ஒரே காலத்திற் கைச்சுவாசத்தில் இருந்தார்கள். நாளொன்றுக்கு ஏறக்குறைய 250 உருளைகள் செலவாயின. பின்னர் அந்நாட்டிலே லொறிச் சாரதிகள் வேலைநிறுத்தஞ் செய்தபோது, உருளைகள் வராவிட்டால் இந்த நோயாளர்களின் கதி என்னவாகும் என்ற அச்சம் எழுந்தது. அதே டென்மார்க்கில் ஹென்னிங் ரூபன் என்ற வைத்தியரும் ஹோல்கர் ஹெஸ்ஸ என்ற பொறியியலாளரும் சேர்ந்து, அமுக்கிவிட்டால் தானாகவே விரிந்து சுற்றியுள்ள காற்றை இழுத்துக்கொள்ளும் பையை ஆக்கினர். 1956ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த அந்தப் பை இன்று உலகமெங்கும் வைத்தியசாலைகளிலும் நோயாளர் வண்டிகளிலும் காணப்படுகின்றது. உருளை வெறுமையானாலும் துருத்தி நிற்காது என்பதே அதன் சிறப்பு.

நேயர்களே, இங்கேதான் போர்முனை வைத்தியத்தின் மூலவிதி அமைந்திருக்கின்றது. துருத்தியை இயக்கும் சக்தி வேறு. நோயாளிக்கு வேண்டிய பிராணவாயு வேறு. இவை இரண்டையும் ஒரே உருளையிலிருந்து எடுத்தால் உருளை விரைவிற் தீரும். பிரித்தெடுத்தாற் சிறிதளவு பிராணவாயு நெடுநேரம் நிற்கும்.

இவ்விதியைப் பின்பற்றி அமைந்த கருவி ஒன்றை எடுத்துக்காட்டாகக் கூறலாம். பிரித்தானியத் தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகிய மூன்றுக்கும் பொதுவாக ஆக்கப்பட்டமையால் அது முப்படை மயக்கமருந்துக் கருவி எனப்பட்டது. இராணுவ வைத்தியரான ஹௌற்றன் என்பார் 1981ஆம் ஆண்டு அதனை விளக்கி எழுதினார். நகர வைத்தியசாலைகளின் கருவிகள் உருளை வாயுவின் அமுக்கத்தினால் மருந்தின் ஆவியை நோயாளியை நோக்கித் தள்ளுவன. முப்படைக் கருவியோ சாதாரண காற்றை மருந்துக் குடுவைகளின் வழியாக இழுத்து நோயாளிக்குக் கொடுப்பது. நோயாளி தானாக மூச்சுவிட்டால் அவன் நெஞ்சே இழுக்கும். இல்லையேல், தானாக விரியும் பையை வைத்தியர் அமுக்குவார். பிராணவாயு கிடைத்தாற் குழாயின் இடையிலே சிறிதளவு சேர்த்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டாலும் கருவி நின்றுவிடாது.

பிராணவாயு சேருமிடத்துக்கு அப்பால், காற்று நுழையும் வாயிலாக ஒரு நீண்ட குழாய் திறந்தபடி பொருத்தப்பட்டிருக்கும். பார்ப்பவருக்கு அது பொருளற்றதாகத் தோன்றும். உண்மையில் அது ஹோல்டேனின் பை செய்த வேலையைச் செய்கின்றது. பிராணவாயு இடையறாது வந்துகொண்டிருக்கின்றது. நோயாளியோ நேரத்தின் மூன்றிலொரு பகுதியிலேயே மூச்சை உள்ளிழுக்கின்றான். மற்ற நேரத்தில் வரும் வாயு அந்தக் குழாயினுள்ளே பின்னோக்கிச் சென்று தேங்கி நிற்கின்றது. அடுத்த மூச்சு முதலில் அதனையே இழுத்துக்கொள்கின்றது.

இக்கருவி 1982ஆம் ஆண்டு போக்லாந்துத் தீவுப் போரிலே சோதனைக்குள்ளாயிற்று. பிரித்தானியாவிலிருந்து ஏறக்குறைய 13,000 கிலோமீற்றர் தொலைவிலே, தென் அத்திலாந்திக் சமுத்திரத்திலே உள்ளன அத்தீவுகள். ஏஜக்ஸ் விரிகுடாவின் கரையிற் கைவிடப்பட்டுக் கிடந்த ஓர் இறைச்சிக் குளிரூட்டும் ஆலையிலே, கடற்படைச் சத்திரசிகிச்சை வைத்தியரான ரிக் ஜொலியின் தலைமையிற் போர்முனை வைத்தியசாலை அமைந்தது. மே 25ஆந் தேதி அத்லாந்திக் கொன்வேயர் என்ற சரக்குக் கப்பல் ஏவுகணையால் தாக்கப்பட்டபோது, பெரும் பாரந்தூக்கும் சினூக் ஹெலிகொப்டர்கள் மூன்று அதனோடு அழிந்தன. பாரமான எதனையும் கரையில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்வது அதன்பின் பெருந் தொல்லையாயிற்று. இரண்டு நாட்கள் கழித்து அந்த ஆலையின்மீதே குண்டுகள் வீழ்ந்தன. வெடிக்காத இரண்டு குண்டுகள் கட்டிடத்தினுள்ளே சிக்கிக்கிடக்க, வைத்தியம் தொடர்ந்து நடந்தது. கரையில் நடந்த சத்திரசிகிச்சைகளுக்கு முப்படைக் கருவியே துணைநின்றது. காற்றையே முதலாகக் கொண்டு இயங்கும் கருவியின் பெறுமதி இத்தகைய இடத்திலேதான் தெரியவருகின்றது. உருளைக் குவியல் ஒன்றைக் குண்டுவிழும் இடத்தில் வைத்திருப்பதே ஆபத்து. பிராணவாயு தானாக எரிவதன்று; ஆயினும் அது பரவிய இடத்திற் சிறு பொறியும் பெருந்தீயாகும். உருளையின் வாயிலில் எண்ணெய்ப் பசை படிந்திருந்தாலும் தீங்கு நேரலாம்.

சிறிதளவு சேர்த்தாற் போதும் என்று கூறினோம். எவ்வளவு சேர்த்தால் எவ்வளவு பயன் என்பதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு 8 இலீற்றர் மூச்சுவிடும் நோயாளிக்கு, வீண்போகாதபடி தேக்கி, 1 இலீற்றர் பிராணவாயுவைச் சேர்த்தால் அவன் உட்கொள்ளும் காற்றில் 100க்கு 31 பங்கு பிராணவாயு இருக்கும். 3 இலீற்றர் சேர்த்தால் 51 பங்கு. 5 இலீற்றர் சேர்த்தால் 70 பங்கு. நுரையீரல் பழுதுபடாத நோயாளர் பலருக்கு முதலாவது அளவே போதும். அந்த அளவில், 85 நிமிடங்களில் தீர்ந்த அதே உருளை 11 மணித்தியாலத்துக்கு மேல் நிற்கும். ஒரு நாளைக்கு 17 உருளைகள் வேண்டியிருந்த இடத்தில் இரண்டுக்குச் சற்று மேல் போதும். 3 இலீற்றர் வேண்டியவனுக்குக்கூட ஆறு ஏழு உருளைகளே செலவாகும்.

இக்கணக்குக் கையாலமுக்கும் பைக்கு மாத்திரமன்றிச் சுவாச யந்திரத்துக்கும் பொருந்தும். சுவாச யந்திரங்கள் பலவகை. அமுக்கத்தோடு வரும் வாயுவினாலேயே இயங்குவன ஒரு வகை. அவற்றுக்கு மின்சாரம் வேண்டியதில்லை, பாரமும் குறைவு, ஆகவே போர்முனைக்கு ஏற்றவைபோலத் தோன்றும். ஆனால், உருளையின் வாயு முதலில் யந்திரத்தை இயக்கவே செலவாகும். அவற்றுட் சில, நோயாளிக்குத் தேவையோ இல்லையோ, ஏறக்குறையத் தூய பிராணவாயுவையே ஊட்டும். மின்கலத்தின் உதவியாற் சிறு சுழலியையோ காற்றழுத்தியையோ இயக்கிச் சூழலிலுள்ள காற்றை எடுத்துத் தள்ளுவன மற்றொரு வகை. இவற்றிலே துருத்திக்கு மின்சாரம். நோயாளிக்கு மாத்திரம் பிராணவாயு. அந்தப் பிராணவாயுவும் அதிக அமுக்கத்தில் வரவேண்டியதில்லை. மெல்லியதாக வந்து காற்று நுழையும் வாயிலிற் சேர்ந்தாற் போதும். இந்தக் கடைசி இயல்பு பெரிதும் முக்கியமானது. ஏனெனில், போர்முனையிலேயே பிராணவாயுவை ஆக்கித்தரும் சிறு கருவிகள் அதனைக் குறைந்த அமுக்கத்திலேயே தருகின்றன.

பிராணவாயுவை ஆக்குதல் என்றாற் புதிதாகப் படைத்தலன்று. காற்றிலுள்ள நைதரசனை விலக்குதலே. பெரிய தொழிற்சாலைகளிற் காற்றைக் கடுங்குளிராக்கித் திரவமாக்கிப் பின் பிரித்தெடுக்கின்றார்கள். நீர் உறையும் நிலைக்குக் கீழே 183 பாகை செல்சியஸ் வெப்பநிலையிற் கொதிக்கும் அந்தத் திரவத்தில் ஒரு இலீற்றர், ஏறக்குறைய 860 இலீற்றர் வாயுவாக விரியும். இடத்தையும் எஃகையும் மிச்சப்படுத்த இது சிறந்த வழி. எனினும், எவ்வளவு சிறந்த கலத்தில் வைத்தாலும் அது நாள்தோறும் ஆவியாகிக் குறைந்துகொண்டேயிருக்கும். அதனைக் கொண்டுவரத் தனி வண்டியும் திறந்த பாதையும் வேண்டும். ஆகவே இது பின்தளத்திலுள்ள பெரிய வைத்தியசாலைகளுக்கே ஏற்றது.

முன்னணிக்கு ஏற்றது பிராணவாயுச் செறிவாக்கி என்னும் கருவி. சியோலைற் என்ற நுண்டுளைகள் நிறைந்த ஒரு கனிப்பொருள் அதன் உயிர்நாடி. காற்றைத் தூசு நீக்கி அமுக்கி சியோலைற் நிரம்பிய கலத்தினூடே செலுத்தினால், நைதரசன் அதனிற் பற்றிக்கொள்ளும். பிராணவாயுவும் சிறிதளவு ஆகனும் கடந்து வரும். சில விநாடிகளில் அந்தக் கலம் நைதரசனால் நிரம்பிவிடும். உடனே காற்று இரண்டாவது கலத்துக்குத் திருப்பப்படும். முதற்கலத்தின் அமுக்கம் தளர்த்தப்பட, பற்றியிருந்த நைதரசன் விலகி வெளியேறும். இவ்வாறு இரு கலங்களும் மாறிமாறி வேலைசெய்ய, 100க்கு ஏறக்குறைய 93 பங்கு பிராணவாயு இடையறாது கிடைக்கும். நிமிடத்துக்கு 5 இலீற்றர் தரும் கருவி ஒன்றுக்குச் சில நூறு வாற்று மின்சாரம் போதும். உருளைக்கு வேண்டிய லொறிக்குப் பதிலாக மின்பிறப்பாக்கிக்குச் சிறிது எரிபொருள் வேண்டும். எரிபொருள் எப்படியும் படையோடு வருவதேயாகும்.

எனினும் இக்கருவிக்கும் குறைபாடுகள் உண்டு. கூறப்பட்ட அளவுக்கு மேல் வாயுவை இழுத்தாற் தூய்மை குறைந்துவிடும். தூசு வடிகட்டியை அடைக்கும். ஈரக்காற்று சியோலைற்றைக் கெடுக்கும். அமுக்கத்தாலியங்கும் சுவாச யந்திரத்தை இதனால் இயக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, மின்சாரம் நின்ற கணமே பிராணவாயுவும் நின்றுவிடும். ஆகவே செறிவாக்கியின் அருகில் நிறைந்த உருளை ஒன்றும், கட்டிலின் தலைமாட்டில் தானாக விரியும் பை ஒன்றும் எந்நேரமும் ஆயத்தமாயிருத்தல் வேண்டும். நாளாந்தச் செலவுக்குச் செறிவாக்கி. ஆபத்து வேளைக்கும் பயணத்துக்கும் உருளை. இரண்டும் தவறினாற் கையும் பையும். இந்த மூன்றடுக்குக் காவலை ஒழுங்குசெய்யாமல் ஒருவனைச் சுவாச யந்திரத்தில் இடுவது, கரையில்லாத ஆற்றிலே தோணியைத் தள்ளிவிடுவதற்கு ஒப்பாகும்.

சிக்கனம் என்ற சொல்லைக் கேட்டுச் சிலர் அஞ்சலாம். உயிருக்குப் போராடுபவனுக்குக் கொடுக்கும் வாயுவிலா சிக்கனம் என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்கு விடை, விரலிற் பூட்டும் ஒரு சிறு கருவியில் இருக்கின்றது. ஒளியை விரலினூடே செலுத்தி, இரத்தம் எவ்வளவு பிராணவாயுவை ஏந்திநிற்கின்றது என்று காட்டும் இக்கருவியின் தத்துவத்தை 1970களின் தொடக்கத்திற் கண்டவர் ஜப்பானியப் பொறியியலாளரான தகுவோ அஒயாகி. நோயாளர் பெரும்பாலோருக்கு அந்த அளவு 100க்கு 94 முதல் 98 வரை இருந்தாற் போதும் என்பது பிரித்தானிய நெஞ்சுநோய் வைத்தியர் சங்கத்தின் வழிகாட்டல். 98இலிருந்து 100க்கு ஏற்றுவதற்காக வாயுவை இரட்டிப்பாகத் திறந்துவிட்டால் நோயாளிக்கு நன்மை கிடைப்பதில்லை. நீண்ட நேரம் மிதமிஞ்சிய பிராணவாயு நுரையீரலுக்குத் தீங்கும் செய்யும். மறுபுறத்தில், மண்டைக் காயமுற்றவனுக்கு அந்த அளவு சிறிது நேரமேனும் 90க்குக் கீழே இறங்குமாயின் மூளைக்கு நேரும் கேடு மீளாததாகலாம். ஆகவே சிக்கனம் என்பது அளந்து கொடுத்தலேயன்றிக் கொடாதிருத்தல் அன்று. அளவுகருவியைப் பார்த்து, ஒவ்வோர் அரை இலீற்றராகக் குறைத்து, குறைத்தபின் காத்திருந்து மீண்டும் பார்த்தல் தாதியரின் கடமை. நினைவிழந்தவன் தனக்கு மூச்சுமுட்டுகின்றது என்று வாய்திறந்து சொல்லமாட்டான் அன்றோ?

வாயுவைச் செலவிடாமலே இரத்தத்திற் பிராணவாயுவை உயர்த்தும் வழிகளும் உண்டு. நெஞ்சறையிலே தேங்கிய காற்றையும் இரத்தத்தையும் குழாயிட்டு வெளியேற்றினால் நசுங்கிய நுரையீரல் விரியும். மூச்சுக்குழாயில் அடைத்த சளியையும் இரத்தத்தையும் உறிஞ்சி எடுத்தாற் காற்றுக்கு வழி திறக்கும். மூச்சை வெளிவிட்டு முடிந்த பின்னரும் நுரையீரலினுள் சிறிதளவு அமுக்கத்தை நிலைநிறுத்தினாற் சுருங்கி ஒட்டும் சிற்றறைகள் திறந்தே நிற்கும். ஆனால் பெருமளவு இரத்தம் இழந்தவனுக்கு அந்த அமுக்கமே இரத்த ஓட்டத்தைத் தளர்த்துமாதலின் அங்கே எச்சரிக்கை வேண்டும். இரத்தப்பெருக்கை நிறுத்தி, இழந்த இரத்தத்தை ஈடுசெய்தல் எல்லாவற்றினும் தலையாயது. பிராணவாயுவைச் சுமந்து செல்வது செங்குருதியே. சுமப்பவர் இல்லாதபோது களஞ்சியத்தை நிரப்பி என்ன பயன்?

இவையெல்லாம் நூலறிவு மாத்திரம் அன்று என்பதற்கு அண்மைக்கால நிகழ்ச்சிகளே சான்று. 2022ஆம் ஆண்டு பெப்ரவரி மாத இறுதியில், உக்ரேன் நாட்டிலே போர் மூண்டு சில நாட்களுக்குள், அங்குள்ள வைத்தியசாலைகளிற் பிராணவாயு இருப்பு ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. தொழிற்சாலைகளிலிருந்து வைத்தியசாலைகளுக்கு லொறிகள் செல்ல இயலவில்லை. நாட்டினுள்ளேயே பிராணவாயுவை ஆக்கும் நிலையங்கள் சிலவற்றுக்கு, வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய சியோலைற் தட்டுப்பாடாயிற்று. வாயு தீர்வதற்கு முன் பாதை தீர்ந்தது.

நமது தீவும் இந்தப் பாடத்தைப் போரின்றியே கற்றது. 2021ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் கொரோனாப் பெருந்தொற்று உச்சமடைந்தபோது, இந்தியாவிலிருந்து திரவப் பிராணவாயுவைக் கடல்வழியாகக் கொண்டுவர நேர்ந்தது. இலங்கைக் கடற்படையின் சக்தி என்னும் கப்பல் சென்னையிலிருந்தும், அதே பெயரையுடைய இந்தியக் கடற்படைக் கப்பல் விசாகப்பட்டினத்திலிருந்தும் கொழும்புக்கு அதனைச் சுமந்துவந்தன. இந்தியக் கப்பல் கொண்டுவந்தது 100 தொன். அந்நாட்களில் வைத்தியசாலைத் திருகு ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு கப்பற் பயணம் இருந்தது.

ஆகவே நேயர்களே, போர்முனையாயினும், வெள்ளத்தாற் துண்டிக்கப்பட்ட கிராம வைத்தியசாலையாயினும், கேட்கப்படவேண்டிய கேள்விகள் அவையே. துருத்தியை இயக்குவது எது? பிராணவாயு எங்கிருந்து வருகின்றது? நிமிடத்துக்கு எத்தனை இலீற்றர் செலவாகின்றது? இருப்பு எத்தனை மணித்தியாலத்துக்குப் போதும்? இவற்றுக்கு விடையெழுதிய ஒரு தாளைக் கட்டிலின் தலைமாட்டிற் தொங்கவிடுவதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. காலையில் வந்த மூன்று நோயாளர்களுக்கு வேண்டிய அளவே அளந்து கொடுத்த வைத்தியசாலையிலேதான், மாலையில் வரும் நான்காமவனுக்கும் ஓர் உருளை மிஞ்சியிருக்கும்.